மெல்ல ஓடுவோரும் மரதனும்

மரதன் ஓட்டம் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, ஒலிம்பிக் மைதானத்துள் முதலாவதாக நுழையும் வீரனுடைய உருவமே. இவ்வோட்டம் பிறவியிலேயே விரைவு வாய்க்கப்பெற்ற சிலருக்கு மட்டும் உரியது என்றும், நாற்பது வயதில் நாற்காலியை விட்டு எழுந்து வீதியோரம் மெல்ல ஓடத் தொடங்கும் ஒருவருக்கு இதனோடு யாதொரு தொடர்பும் இல்லை என்றும் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவுக்குப் பொருத்தமானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர், பழைய கணக்கில் 26 மைலும் 385 யாரும் ஆகும். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் ஓடப்பட்ட இத்தூரமே 1921இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கென்யா நாட்டின் கெல்வின் கிப்டும் இதனை 2 மணித்தியாலம் 35 விநாடியில் ஓடி முடித்தார். கிலோமீற்றர் ஒன்றுக்கு 8 நிமிடம் எடுக்கும் ஒருவருக்கோ இதே தூரத்தைக் கடக்க 5 மணித்தியாலம் 37 நிமிடத்துக்கு மேல் வேண்டும். முன்னவருக்கு இஃது வேகத்தின் சோதனை. பின்னவருக்கு நேரத்தின் சோதனை. இவ்வேறுபாட்டை உணராது, வீரர்களின் பயிற்சியைச் சுருக்கிப் பின்பற்ற முயல்வோரே பெரும்பாலும் காலை நோகச் செய்து இடைவழியில் நின்றுவிடுகின்றனர்.

மெல்ல ஓடுதலின் பெருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் நியூசிலாந்து நாட்டின் ஆதர் லிடியார்ட் முக்கியமானவர். அவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பயிற்சி முறைகளைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர். 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக் போட்டியில் அவருடைய மாணவர்களாகிய பீற்றர் சினெல் 800 மீற்றர் ஓட்டத்திலும், மறே ஹல்பேர்க் 5,000 மீற்றர் ஓட்டத்திலும் தங்கப் பதக்கம் பெற்றனர். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கும் நெடுந்தூர ஓட்டமே அத்திவாரம் என்பது லிடியார்டின் கொள்கை.

அவர் வீரர்களோடு நின்றுவிடவில்லை. 1962ஆம் ஆண்டு ஒக்லாந்து நகரில், அவருடைய தூண்டுதலால், நடுத்தர வயதினர் கூடி மெல்லோட்டக் கழகம் ஒன்றை அமைத்தனர். இருதய நோயிலிருந்து மீண்டோரும் அவர்களோடு ஓடினர். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே சென்றார். ஐம்பத்தொரு வயதான அவர், மலைப்பாதையில் அக்கழகத்தாரோடு ஓடியபோது பின்தங்கிவிட்டார். எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவரே அவருடன் கூடவே ஓடி அவரை அழைத்துச் சென்றார். தாயகம் திரும்பிய பவர்மன், ஒறெகன் மாநிலத்தில் பொதுமக்களுக்கு மெல்லோட்டம் பழக்கி, 1967இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் 1974இல், ஹொனலுலு நகரில் ஜக் ஸ்காவ் என்னும் இருதய வைத்தியர் சாதாரண மக்களை மரதனுக்கு ஆயத்தஞ்செய்யும் பயிற்சி வகுப்பைத் தொடக்கினார். அந்நகரின் மரதன் ஓட்டத்தில், குறித்த நேரத்துள் முடிக்கவேண்டும் என்ற விதி இல்லை.

மெல்ல ஓடுதல் எவ்வாறு பயன் தருகின்றது? நம் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் மாச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி சக்தியையே தரும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் எனக் கொண்டால், 60 கிலோ நிறையுள்ளவருக்கு மரதன் முழுவதற்கும் 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். முப்பதாவது கிலோமீற்றரை அண்டியதும் பலருடைய கால்கள் ஈயம்போற் கனப்பதற்கு இப்பற்றாக்குறையே முக்கிய காரணம். ஆனால், மெல்ல ஓடும்போது உடல் தனது கொழுப்பினின்றும் கூடிய பங்கைப் பெறுகின்றது. பல மாதம் இவ்வாறு ஓடினால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைச் செலுத்தும். தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகும். கொழுப்பை எரிக்கும் ஆற்றலும் வளரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மூச்சும் தசையும் சில கிழமைகளிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் தேறுவதற்கோ பல மாதங்கள் செல்லும. 'மூச்சு வாங்கவில்லையே' என்று மகிழ்ந்து தூரத்தைத் திடீரெனக் கூட்டுபவருக்குக் குதிக்கால் நோவும் முழந்தாள் நோவும் வருவது இதனாலேயே.

இனி, பயிற்சியைத் தொடங்கும் முறையைக் கவனிப்போம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவை உள்ளவர்களும், குடும்பத்தில் இருதய நோய் உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் காட்டி அனுமதி பெறுதல் வேண்டும். பின்னர், கிழமைக்கு மூன்று நாள், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குக. ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். ஓடும் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமற் பேச முடிந்தால் வேகம் சரி. முடியாவிடின் நடந்து, மூச்சு அடங்கியபின் ஓடுக.

இவ்வாறு மூன்று நான்கு மாதங்களில் நாற்பது நிமிடம் இடைவிடாது ஓடும் நிலை வந்தபின்பே மரதனுக்குரிய பயிற்சியைத் தொடங்கல் தகும். அதற்கு இன்னும் ஐந்து மாதமாவது வேண்டும். கிழமையில் ஒருநாள் நெடிய ஓட்டத்துக்கு உரியது. எட்டுக் கிலோமீற்றரில் தொடங்கி, கிழமைக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றர் கூட்டி, நான்காவது கிழமைதோறும் குறைத்து இளைப்பாற வேண்டும். மெல்ல ஓடுபவர் பயிற்சியில் முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே நாளில் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடுதல் நன்மையிலும் களைப்பையே அதிகம் தரும். போட்டிக்கு முந்திய மூன்று கிழமைகளில் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடலைத் தேறவிடுதல் வேண்டும். இடையிடையே நடப்பதை எவரும் இழிவாக எண்ண வேண்டா. தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக நடந்தும் ஓடியும் செல்பவர், இறுதியில் நடக்கவும் இயலாது நிற்பவரைக் கடந்து செல்வதுண்டு.

நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் விடியற்காலையே ஓடுவதற்கு உகந்த வேளை. தண்ணீர் குறைவது தீங்கு என்பதை எவரும் அறிவர். அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் உயிருக்கு ஆபத்து என்பதை அறிந்தோர் சிலரே. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து அளவிற் குறைந்திருந்தது. அதே ஓட்டத்தில் இளம்பெண் ஒருவர் இக்காரணத்தால் உயிரிழந்தார். ஓட்டத்தின்போது உடல் நிறை கூடியவர்களிடமும், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இக்குறைபாடு மிகுதியாகக் காணப்பட்டது. மெல்ல ஓடுபவருக்குக் குடிக்க நேரம் அதிகம் உண்டு. ஆகவே அபாயமும் அவருக்கே அதிகம். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே நன்று. நெடிய ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடல் நிறையை அளந்து பார்க்கலாம். பின்னர் அளந்த நிறை கூடியிருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்பது தெளிவு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில், மணித்தியாலத்துக்கு ஓரிரு வாழைப்பழம் உண்டு பழகுவதும் நலம். நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ தோன்றினால் அக்கணமே நின்று உதவி பெறுதல் வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. மரதன் பயிற்சிக்கு இதனினும் பொருத்தமான விதி வேறில்லை. முதலாவதாக வருபவருக்கும் இறுதியாக வருபவருக்கும் தூரம் ஒன்றே. ஆயினும், இறுதியாக வருபவர் வெயிலிலும் களைப்பிலும் இருமடங்குக்கு மேற்பட்ட நேரம் நின்று அத்தூரத்தைக் கடக்கின்றார். அதற்குத் தம் உடலைப் பொறுமையோடு ஆயத்தஞ்செய்தவர், போட்டி நாள் வருமுன்னரே பெரும்பயன் பெற்றுவிடுகின்றார். வலுவுற்ற இருதயமும் ஒழுங்குற்ற வாழ்வும் அவருக்குச் சொந்தமாகிவிடுகின்றன. நாளை விடியற்காலையில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பவரும் அவ்வழியில் முதலடி வைத்தவரே ஆவர்.