கையொப்பம் சம்மதமாகுமா?

காணியொன்றை விற்கவோ ஈடு வைக்கவோ நொத்தாரிசிடம் சென்றவர்கள் அறிவர். உறுதி எழுதி முடிந்ததும் அவர் உடனே பேனாவை நீட்டிவிடுவதில்லை. எழுதியதை வாசித்துக் காட்டுவார், பொருளை விளக்குவார், சாட்சிகள் இருவர் அருகிருக்கவே கையொப்பம் பெறுவார். இரண்டு பரப்புக் காணிக்கே இத்துணைக் காவலென்றால், ஒரு பெண்ணின் உடலுக்கு எத்துணைக் காவல் வேண்டும்? இவ்வினாவை நீதிமன்றத்தின் முன் வைத்து விடையும் பெற்ற மூன்று பெண்களின் வரலாற்றை இங்கு கூற விழைகின்றோம். அது நடந்தது நமக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டிலே; ஆயினும் அதன் பாடம் எல்லா நாட்டுக்கும் உரியது.

ஆபிரிக்காக் கண்டத்தின் தென்மேற்குக் கரையில் நமீபியா என்னும் நாடு இருக்கின்றது. அது 1990ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்றது. பரப்பளவில் இலங்கையைப் போற் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்டதாயினும், அங்கு வாழ்வோர் ஏறக்குறைய முப்பது இலட்சம் பேரே. எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசு அச்சிறு சனத்தொகையைக் கடுமையாக வருத்திற்று. 2017ஆம் ஆண்டில் நடைபெற்ற ஆய்வொன்றிலே, 15 முதல் 64 வயது வரையானோரில் 100 பேருக்கு 12 பேருக்கு மேல் அத்தொற்றுடன் வாழ்வது தெரியவந்தது.

இத்தொற்றுடன் வாழும் பெண்கள், தம் குறையைத் தாமே பேசவேண்டும் என்று ஒன்றுகூடியமை அண்மைக் காலத்துச் சிறப்புக்களுள் ஒன்று. 1992ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாம் நகரிலே அவர்களுக்கென ஒரு சர்வதேச அமைப்புத் தோன்றியது. நமீபியாவிலும் அத்தகைய பெண்கள் கூடிப் பேசலாயினர். 2008ஆம் ஆண்டளவில், அக்கூட்டங்களில் ஒரே வகையான துயரம் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. பிள்ளைப்பேற்றுக்காக அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்ற தாய்மார் சிலருக்கு, இனி எக்காலத்துங் கருவுறாதபடி கருக்குழாய்களைக் கட்டிவிடுஞ் சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தது. அதன் பொருளை அவர்கள் அறிந்து இசைந்தாரல்லர். தனியொருத்தியாக வீட்டிலிருந்து அழுதிருந்தால், அதனைத் தன் விதியென்றே எண்ணியிருப்பாள். பலர் ஒன்றுகூடிப் பேசியபோதுதான் அது விதியன்று, மனிதர் இழைத்த தவறு என்பது புலனாயிற்று.

அவர்களுள் மூவர், சட்ட உதவி நிலையம் ஒன்றின் துணையுடன் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தனர். நோயின் பெயரைக் கேட்டாலே அயலார் விலகிச் செல்லும் உலகமாதலால், வழக்கேட்டில் அவர்களுடைய பெயர்கள் முதலெழுத்துக்களால் மட்டுமே குறிக்கப்பட்டன. பெயரை மறைத்தேனும் நீதி கேட்க முன்வந்தார்களே, அத்துணிவு சிறிதன்று.

அரசாங்கத் தரப்பின் விடை எளிதாக இருந்தது. மூவரும் சம்மதப் பத்திரத்திற் கையொப்பம் இட்டிருக்கின்றனர் என்பதே அது. கையொப்பம் இருந்தது உண்மைதான். ஆனால் அவை எந்த நிலையிற் பெறப்பட்டன? பிரசவ வேதனையால் துடித்துக்கொண்டிருந்த நிலையிலே பெறப்பட்டன. பத்திரத்தில் மருத்துவர் தமக்குள் வழங்கும் எழுத்துச் சுருக்கங்கள் காணப்பட்டன. அவற்றின் பொருளை ஆறுதலாக எடுத்துரைப்பார் இல்லை. வேறு வழிகள் உண்டு என்று கூறுவாரும் இல்லை.

2012ஆம் ஆண்டு யூலை மாதத்தில், தலைநகராகிய விண்ட்ஹுக்கிலுள்ள மேல் நீதிமன்றம் அப்பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. எழுத்தில் இட்ட கையொப்பம் வேறு, விளங்கிக் கொடுத்த சம்மதம் வேறு என்று நீதியரசர்கள் தெளிவுபடுத்தினர். விளங்கிச் சம்மதித்தாள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்தியசாலையையே சாரும் என்றனர். தந்தை குழந்தைக்காகத் தீர்மானிப்பதுபோல மருத்துவர் பெண்ணுக்காகத் தீர்மானித்தற்கு இக்காலத்தில் இடமில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பிலே காணப்படுகின்றது.

வெற்றி முழுமையானதன்று என்பதையுஞ் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. தொற்றின் காரணமாகவே தமக்கு இக்கொடுமை இழைக்கப்பட்டது என்று அவர்கள் கூறியதை, போதிய சான்றில்லை என்று மேல் நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பினால் இழந்த தாய்மை திரும்பி வந்ததுமில்லை.

இவ்வரலாற்றை உயர்தர வகுப்பில் ஒருநாட் கூறினோம். மாணவி ஒருத்தி எழுந்து, "நோய் பிள்ளைக்கும் வருமென்றால், வைத்தியர் செய்தது நன்மைதானே, சேர்?" என்று கேட்டாள். நாம் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிடினும் பலருடைய உள்ளத்தில் இருக்கும் வினா அது. ஒரு காலத்தில் நம் உள்ளத்திலும் இருந்தது.

அவளுக்கு நாம் இரண்டு விடைகள் கூறினோம். முதலாவது, மருத்துவம் கூறும் விடை. சிகிச்சை யாதும் இல்லாதவிடத்து, கருவுற்றிருக்கும் போதோ பிரசவத்தின் போதோ தாய்ப்பாலின் வழியாகவோ தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 100க்கு 15 முதல் 45 வரையாகும். தாய் ஒழுங்காக மருந்துண்டு, பிள்ளைக்கும் உரிய மருந்து கொடுக்கப்பட்டால், அது 100க்கு 5இற்கும் குறைந்துவிடும். இதற்கு நம் நாடே சான்று. கருவுற்ற தாய்மாருக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையாலும் சிகிச்சையாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை இல்லாதொழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் சான்றளித்தது. தாயின் கருக்குழாயைக் கட்டாமலே பிள்ளையைக் காக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, அறம் கூறும் விடை. மருந்தே இல்லாத நோயென்று வைத்துக்கொண்டாலும், வைத்தியர் அறிவுரை கூறலாம், எச்சரிக்கலாம், தீர்மானிக்கும் உரிமை அப்பெண்ணுக்கே உரியது. நோயாளி என்றதும் ஒருவர் தம் உடலின் மேலுள்ள உரிமையை இழந்துவிடுவதில்லை. நீரிழிவுக்காரரின் காலை அகற்றுவதாயினும் அவரைக் கேளாமல் அகற்றுவார் உண்டோ? கேட்டுக்கொண்டிருந்த மாணவி, "அப்படியென்றால் முதலிலே கேட்டிருக்க வேண்டும்" என்று கூறி அமர்ந்தாள். அம்மூன்று பெண்கள் நீதிமன்றத்திலே கூறியதும் அதுவேயன்றோ!

இது நமீபியாவுக்கு மட்டும் உரிய கதையன்று. தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலும், எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்ணொருத்திக்கு 2002ஆம் ஆண்டிற் பிரசவத்தின்போது இதே கதி நேர்ந்தது. அவள் இருபது ஆண்டுகள் போராடினாள். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு சனாதிபதி அரசின் சார்பில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் நம்மிடம் வேண்டுவது இரக்கத்தை அன்று. மற்றையோருக்குக் கிடைக்கும் அதே விளக்கத்தையும், அதே மரியாதையையும், அதே சிகிச்சையையுமே அவர்கள் வேண்டுகின்றனர். அவர்கள் வென்றெடுத்த நீதியோ நம் எல்லோர்க்கும் பயன்படுவது. நம் வீட்டுப் பெண்ணொருத்தி வைத்தியசாலைக்குச் செல்லும்போது, பத்திரத்தில் உள்ளதைக் கேட்டறிந்து கையொப்பமிட நாம் துணையிருப்போமாக. "விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டுவதில்லை.