நிலத்தடிச் சுரங்கத்தின் மேற்பரப்புச் சுமை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஈலி என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள பிர்ச் ஏரியையொட்டிச் செம்பும் நிக்கலும் எடுப்பதற்கு 'ட்வின் மெட்டல்ஸ்' நிறுவனம் 2019 டிசம்பரில் அளித்த திட்டம், நாளொன்றுக்கு 20,000 டன் தாதுவை 25 ஆண்டுகளுக்குத் தோண்டுவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. திறந்தவெளிக் குழி வெட்டாத நிலத்தடிச் சுரங்கம் என்பதால் மேற்பரப்பு பெரிதும் தப்பிவிடும் என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவது பாதி உண்மையே.

அங்குள்ள தாதுவில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ உலோகம்கூடத் தேறாது என்பதால், பாறையை மேலே கொண்டுவந்து மாவாக அரைத்து, உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் நுண்தூளுக்கு, அதாவது தாதுக்கழிவுக்கு, இடம் தேடியாக வேண்டும். அரைத்த பாறை முன்னைவிட அதிக இடத்தை அடைக்குமாதலால், தோண்டிய வெற்றிடத்துக்குள் அது முழுவதும் அடங்காது. ஒரு பகுதியைச் சுரங்கத்துக்குள் நிரப்பி, மீதியை நீர் வடித்து இறுக்கி, ஏரிக்கு அருகிலேயே குன்றாக அடுக்குவதே திட்டம். அரைவை ஆலை, சாலை, மின்தடம் ஆகியவற்றுக்குக் காடு அழிவது தனி.

அப்பாறை கந்தகம் செறிந்த சல்ஃபைடு வகையைச் சேர்ந்தது. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்வரை தீங்கற்ற இது, காற்றும் மழைநீரும் பட்டதும் கந்தக அமிலத்தை உண்டாக்கி, உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடக்கூடும். இதுவே சுரங்க அமிலக்கசிவு எனப்படுகிறது. உடன் வரும் சல்ஃபேட்டை ஏரிச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் சல்ஃபைடாக மாற்ற, அது காட்டரிசிப் பயிரை நலிவிக்கிறது. ஓஜிப்வே பழங்குடியினர் தோணியில் அமர்ந்து கதிரை வளைத்து, கோலால் தட்டி உதிர்த்து அறுவடை செய்யும் இந்த 'மனோமின்' அவர்களுக்கு உணவு மட்டுமன்று, புனிதமும் ஆகும். காட்டரிசி விளையும் நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபேட் இருக்கலாகாது என மின்னசோட்டா 1973-லேயே விதி வகுத்தது.

பிர்ச் ஏரியின் நீர் கவிஷிவி ஆற்றின் வழியே வடக்கு நோக்கிச் சென்று, 1,000-க்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட 'பவுண்டரி வாட்டர்ஸ்' வனப்பகுதியை அடைகிறது. கூட்டாட்சி அரசு 2016-இல் புதுப்பிக்க மறுத்த ட்வின் மெட்டல்ஸின் சுரங்கக் குத்தகை 2019-இல் புதுப்பிக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் ரத்தானது; 2023 ஜனவரியில் 2,25,000 ஏக்கருக்கும் மேற்பட்ட கூட்டாட்சி நிலத்தில் 20 ஆண்டுகளுக்குப் புதிய குத்தகைகளைத் தடைசெய்யும் ஆணை பிறந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆணையும் மாறுகிற நிலையில், சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் நிலைத்து நிற்கப்போகும் கழிவுக்குன்றை எவர், எத்தனை தலைமுறைக்குக் காப்பார் என்பதற்கு உறுதியான விடை கிடைக்கும்வரை அனுமதி வழங்குவது முறையாகாது.