இணைப்பும் தொகுப்பும்

நுழையும்முன்

ஒரு செய்தியை அறிந்திருப்பது வேறு; அதனை உரிய நோக்கத்தோடும் உரிய தொடர்போடும் எடுத்துரைப்பது வேறு. முன்னதை அளக்கும் தேர்வுகள் பல. பின்னதை அளக்கும் இருவகை வினாக்களையும், அவற்றுக்குத் தமிழறிவு துணைநிற்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல்லால் மாறும் பொருள்

“நோயாளி அம்மருந்தை உட்கொண்டார். எனினும், காய்ச்சல் கூடியது.”

“நோயாளி அம்மருந்தை உட்கொண்டார். எனவே, காய்ச்சல் கூடியது.”

இவ்விரு பகுதிகளிலும் நிகழ்ச்சிகள் ஒன்றே. ஆயினும், முதற்பகுதி மருந்து பயன் தரவில்லை என்கிறது. இரண்டாம் பகுதியோ மருந்தே காய்ச்சலுக்குக் காரணம் எனக் குற்றம் சாட்டுகிறது. இணைப்புச்சொல் தொடருக்கு அழகு சேர்க்கும் அணிகலன் அன்று. இரு செய்திகளுக்கும் இடையிலான உறவை அறிவிக்கும் பொறுப்பு அதனுடையது. அச்சொல் பிழைத்தால் செய்திகள் மெய்யாக இருந்தும் கூற்று பொய்யாகிவிடும்.

தேர்வும் வினாக்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர விரும்புவோர் எழுதும் தேர்வுகளுள் ஒன்று எஸ்ஏடி. 1926ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வைக் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு நடத்துகிறது. இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளில் 2023ஆம் ஆண்டு முதலும், அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு முதலும் இது கணினி வழித் தேர்வாக நடைபெறுகிறது.

இத்தேர்வில் வாசிப்பும் எழுத்தும், கணிதம் என இரு பகுதிகள் உள்ளன. வாசிப்பும் எழுத்தும் என்னும் பகுதியில் 54 வினாக்களுக்கு 64 நிமிடம் வழங்கப்படும். இப்பகுதி இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கூறிலும் 27 வினாக்கள், 32 நிமிடம். ஆகவே, ஒரு வினாவுக்குச் சராசரியாக 71 நொடியே கிடைக்கும். கருத்தை வெளிப்படுத்தும் திறனை அளக்க 8 முதல் 12 வினாக்கள் வரை இடம்பெறும். அவை இணைப்புச்சொல் வினா, குறிப்புத் தொகுப்பு வினா என்னும் இருவகையினவாக, ஒவ்வொரு கூறின் இறுதியிலும் அமையும். முன்னுள்ள வினாக்களில் நேரத்தைச் செலவழித்துவிட்ட மாணவர் இவற்றை விரைந்து கடக்கவே முயல்வார். முறையறிந்து பயின்றவருக்கோ இவை குறைந்த நேரத்தில் விடை காணத்தக்க வினாக்கள்.

இணைப்புச்சொல் வினா

இவ்வகை வினாவில் சிறு பத்தி ஒன்று தரப்படும். அதில் இணைப்புச்சொல் வரவேண்டிய இடம் வெற்றிடமாக விடப்பட்டிருக்கும். நான்கு விடைகளுள் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கும் இலக்கணப்படி அந்த இடத்தில் அமையக்கூடியவையே. எனவே, செவிக்கு இனிமையாக ஒலிப்பது எது என்று பார்ப்பதால் பயனில்லை. பொருளுறவு எது என்று பார்த்தல் வேண்டும்.

நீலகிரி மலை இருப்புப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வூர்களை இணைக்கும் பாதையில் செங்குத்தான ஏற்றம் உடைய பகுதியில், இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினில் உள்ள பற்சக்கரம் அச்சட்டத்தைக் கவ்வி வண்டியை மேலேற்றுகிறது.

“ஏற்றம் செங்குத்தானது. ______, பற்சக்கரம் அமைக்கப்பட்டது.”

“ஏற்றம் செங்குத்தானது. ______, வண்டி நாள்தோறும் ஏறுகிறது.”

முதல் தொடர் இரண்டிலும் ஒன்றே. அடுத்து வரும் தொடர் மாறியதும் உறவும் மாறிவிடுகிறது. முன்னதில் ஏற்றம் காரணம், பற்சக்கரம் அதன் விளைவு. ஆகவே ‘எனவே’ பொருந்தும். பின்னதில் ஏற்றம் தடை, வண்டி ஏறுவது அத்தடையை மீறிய செயல். ஆகவே ‘எனினும்’ பொருந்தும். வெற்றிடத்திற்கு முன்னுள்ள தொடரை மட்டும் படித்து விடை குறிப்பவர் பிழைபடுவது இதனாலேயே.

தமிழ் தரும் உரைகல்

ஆங்கிலத்தில் நடைபெறும் தேர்வுக்கு வீட்டில் பேசும் தமிழ் எவ்வாறு உதவும் என்று பிற மாநிலங்களில் வளரும் தமிழ் மாணவர்கள் ஐயுறலாம். இணைப்புச்சொல் வினாவில் அது பெரிதும் உதவும். ஆங்கிலம் ஒரு தொடரை முடித்துவிட்டு, அடுத்த தொடரின் தொடக்கத்தில் தனிச்சொல்லை வைத்து உறவைக் காட்டுகிறது. தமிழோ அவ்வுறவைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் இறுதியிலேயே காட்டி, இரு தொடர்களையும் ஒன்றாக்கிவிடுகிறது.

“ஏற்றம் செங்குத்தாக இருந்ததால் பற்சக்கரம் அமைக்கப்பட்டது” என்னும்போது ‘ஆல்’ காரணத்தைக் காட்டுகிறது. இவ்வாறு இணைந்தால் ஆங்கிலத்தில் ‘தேர்ஃபோர்’ என்னும் சொல் பொருந்தும். “ஏற்றம் செங்குத்தாக இருந்தாலும் வண்டி ஏறுகிறது” என்னும்போது ‘ஆலும்’ தடையை மீறியதைக் காட்டுகிறது. அங்கு ‘ஹவெவர்’ பொருந்தும். “வண்டி கல்லாறு நிலையத்தை அடைந்ததும் பற்சட்டத்தின் துணைகொண்டு ஏறத் தொடங்கியது” என்றால் அது கால வரிசை. ‘தென்’ போன்ற சொல் பொருந்தும். “டார்ஜிலிங் பாதை பற்சக்கரத்தைப் பயன்படுத்தாமல் வளையங்களைப் பயன்படுத்துகிறது” என்றால் அது ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று; ‘இன்ஸ்டெட்’ பொருந்தும்.

ஆங்கிலத் தொடர்கள் இரண்டையும் மனத்தளவில் தமிழில் ஒரே தொடராக இணைத்துப் பார்த்தால், அவற்றின் உறவு தானே வெளிப்படும். இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டாம் தொடர் முன்னதற்கு எடுத்துக்காட்டாகவோ, முன்னதையே வேறு சொற்களில் விளக்குவதாகவோ இருந்தால் இரண்டும் எளிதில் ஒன்றாக இணையா. அவ்வாறு இணையாதபோது ‘எடுத்துக்காட்டாக’, ‘அதாவது’ என்னும் இரண்டையும் வைத்துப் பார்த்தல் வேண்டும். ‘ஃபார் எக்ஸாம்பிள்’, ‘இன் அதர் வர்ட்ஸ்’ என்பன அவற்றுக்கு நிகரானவை.

உறவுகளைக் காட்டும் சிறு சொற்களைத் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்துள்ளது. தொல்காப்பியம் இடைச்சொற்களுக்கென இடையியல் என்னும் தனி இயலையே வகுத்துள்ளது. ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள்களைக் கூறுகிறது. ‘குன்னூரும் உதகையும்’ என்பதில் எண்ணுதல், ‘மூன்று பாதைகளும்’ என்பதில் முற்று, ‘குழந்தையும் அறியும்’ என்பதில் சிறப்பு என அதன் பொருள் இடத்திற்கேற்ப வேறுபடுகிறது.

குறிப்புத் தொகுப்பு வினா

இவ்வகை வினாவில், ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள் வரிசையாகத் தரப்படும். அம்மாணவர் எந்த நோக்கத்திற்காக எழுத விரும்புகிறார் என்பதும் கூறப்படும். அந்நோக்கத்தை நன்கு நிறைவேற்றும் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்வரும் குறிப்புகளைக் காண்க.

• டார்ஜிலிங் இமாலய இருப்புப்பாதை 1881ஆம் ஆண்டு டார்ஜிலிங் நகரை எட்டியது.
• இப்பாதையில் வண்டி வளையங்களின் வழியாகவும், முன்னும் பின்னுமாக ஓடும் தடங்களின் வழியாகவும் மலையேறுகிறது.
• நீலகிரி மலை இருப்புப்பாதை 1908ஆம் ஆண்டு உதகமண்டலத்தை எட்டியது.
• இப்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே வண்டி பற்சக்கரத்தின் துணையால் மலையேறுகிறது.
• யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் டார்ஜிலிங் பாதை 1999ஆம் ஆண்டும், நீலகிரிப் பாதை 2005ஆம் ஆண்டும் சேர்க்கப்பட்டன.

நோக்கம்: இரு பாதைகளும் மலையேறும் முறையில் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுதல்.

அ) நீலகிரி மலை இருப்புப்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே வண்டி பற்சக்கரத்தின் துணையால் மலையேறுகிறது.
ஆ) டார்ஜிலிங், நீலகிரி ஆகிய இரு மலைப்பாதைகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.
இ) டார்ஜிலிங் பாதையில் வண்டி வளையங்களின் வழியாகவும் முன்னும் பின்னுமாக ஓடியும் மலையேற, நீலகிரிப் பாதையிலோ கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தின் துணையால் ஏறுகிறது.
ஈ) டார்ஜிலிங் நகரை 1881ஆம் ஆண்டு எட்டியது அதன் பாதை, உதகமண்டலத்தை நீலகிரிப் பாதை எட்டியதோ 1908ஆம் ஆண்டு.

நான்கு விடைகளும் உண்மையே கூறுகின்றன. ஆகவே, “எது உண்மை?” என்று தேடும் மாணவருக்கு நான்கும் சரியாகவே தோன்றும். “எது நோக்கத்தை நிறைவேற்றுகிறது?” என்று தேடினால் ‘இ’ மட்டுமே நிற்கும். ‘ஈ’ கவனமாக விலக்கத்தக்கது. அதுவும் ஒரு வேறுபாட்டைக் கூறுகிறது. ஆனால், கேட்கப்பட்டது காலத்தில் உள்ள வேறுபாடு அன்று, முறையில் உள்ள வேறுபாடு.

நோக்கம் மாறினால் விடையும் மாறும். ஒற்றுமையைக் காட்டுவதே நோக்கம் எனில் ‘ஆ’ சரியான விடையாகும். எப்பாதை முந்தியது என்று காட்டுவது நோக்கம் எனில் ‘ஈ’ பொருந்தும். குறிப்புகளில் ஒரு சொல்லும் மாறவில்லை. எழுதுவதன் நோக்கமே மாறியது. எனவே, இவ்வகை வினாவில் முதலில் நோக்கத்தைப் படித்து, அதன் முதன்மையான சொற்களை மனத்தில் நிறுத்திக்கொண்டு, பின்னரே விடைகளை நோக்குதல் வேண்டும்.

நன்னூல் காட்டும் குற்றங்கள்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. நூலாசிரியருக்குக் கூறப்பட்ட அக்குற்றங்களின் பெயர்கள் இன்றைய தேர்வு விடைகளை ஆராயவும் பயன்படுகின்றன.

மேற்கண்ட விடைகளுள் ‘அ’ ஒரு பாதையை மட்டும் கூறி மற்றதை விட்டுவிடுகிறது. அது குன்றக் கூறல். ‘ஆ’, ‘ஈ’ ஆகியவை கேட்டதை விட்டு வேறொன்றைக் கூறுகின்றன. அவை மற்றொன்று விரித்தல். இணைப்புச்சொல் வினாவிலும் இவ்வாறே ஆராயலாம். காரணமும் விளைவுமாக உள்ள தொடர்களுக்கு இடையே ‘எனினும்’ என்று வைத்தால் மாறுகொளக் கூறல் போலாகும். இரு தொடர்களின் உறவு இன்னதென்று தெளிவுபடாதவாறு ஒரு சொல்லை வைத்தால் மயங்க வைத்தல் ஆகும். “இவ்விடை ஏனோ பொருந்தவில்லை” என்று கூறுவதைவிட, அதன் குற்றத்திற்குப் பெயர் சொல்ல முடிந்தால் அதே பிழை மறுமுறை நேர்வது குறையும்.

பயிலும் முறை

முதலாவதாக, இணைப்புச்சொல் வினாவில் விடைகளைப் பார்க்கும் முன்பே உறவைத் தீர்மானித்தல் வேண்டும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, “காரணம்”, “முரண்”, “வரிசை”, “எடுத்துக்காட்டு”, “விளக்கம்” என ஒரே சொல்லில் எழுதிப் பழகலாம்.

இரண்டாவதாக, ஒரே பொருளுடைய இரு விடைகள் இருப்பின் இரண்டையும் விலக்கலாம். ‘எனவே’, ‘ஆகவே’ என்பனபோல் முற்றிலும் ஒத்த இரு சொற்களுள் ஒன்று மட்டும் சரியாக இருத்தல் இயலாது.

மூன்றாவதாக, பிழைத்த வினாக்களுக்கெனத் தனி ஏடு ஒன்று வைத்தல் நலம். அதில் சரியான விடையை எழுதுவதோடு நின்றுவிடாமல், தேர்ந்தெடுத்த தவறான விடையின் குற்றத்தையும் பெயரிட்டு எழுத வேண்டும். சில வாரங்களில் எக்குற்றம் மிகுதியாக நேர்கிறது என்பது அந்த ஏட்டிலேயே புலப்படும்.

நான்காவதாக, தவறான விடைக்கு இத்தேர்வில் மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆதலால், எந்த வினாவையும் விடையின்றி விடுதல் கூடாது. ஐயமுள்ள வினாவைக் குறியிட்டு வைத்து, அக்கூறின் நேரம் முடிவதற்குள் மீண்டும் வந்து பார்க்கலாம்.

தேர்வு முடிந்த பின்னும் இத்திறன் பயன்படும். நாளிதழ்ச் செய்தியைப் படிப்பவர், அதில் உள்ள ‘எனவே’ மெய்யான காரணத்தைக் காட்டுகிறதா என்று கேட்கலாம். உண்மைகள் பலவற்றை அடுக்கும் விளம்பரத்தைக் காண்பவர், எந்த நோக்கத்திற்காக அவை மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று கேட்கலாம்.

பயிற்சி

1. வெற்றிடத்தை நிரப்பி, உறவின் பெயரை ஒரு சொல்லில் எழுதுக.
“கால்கா–சிம்லா இருப்புப்பாதை மலைகளைக் குடைந்து செல்கிறது. ______, அப்பாதையில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க வழிகள் உள்ளன.”

2. பின்வரும் தொடர்களைத் தமிழில் ஒரே தொடராக இணைத்து எழுதுக. இணைத்த உருபு அல்லது ஈற்றைச் சுட்டுக.
“மழை கடுமையாகப் பெய்தது. வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தது.”

3. கால்கா–சிம்லா இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இச்செய்தியைப் பாடத்தில் உள்ள குறிப்புகளோடு சேர்த்து, கீழ்க்காணும் நோக்கங்களுக்கு ஒவ்வொரு தொடர் எழுதுக.
அ) மூன்று பாதைகளும் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வரிசையைக் காட்டுதல்.
ஆ) கால்கா–சிம்லா பாதையை அறியாத ஒருவருக்கு அதனை அறிமுகம் செய்தல்.

4. மேற்கண்ட இரு தொடர்களிலும் விடப்பட்ட செய்திகள் எவை? அவற்றை விட்டது குன்றக் கூறல் ஆகுமா? காரணம் கூறுக.