கியர் லிவர் ஆடினால் யார் பொறுப்பு?

பழைய லாரிகளில் கியர் லிவர் ஆடுவதை யாரும் பழுதாகவே எண்ணுவதில்லை. வண்டிக்கு வயசாகிவிட்டது, ஓட்ட ஓட்டக் கை பழகிவிடும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிரேக் பிடிக்காத வண்டியை யாரும் இப்படி அனுப்பத் துணிவதில்லை. கியர் ஆட்டத்தையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்திச் சரிசெய்யும் பொறுப்பு முதலில் உரிமையாளருடையது.

எஞ்சினுக்கு மேல் கேபின் அமைந்த லாரிகளில் கியர் பாக்ஸ் ஓட்டுநருக்குப் பின்னால், அடியில் கிடக்கிறது. லிவரின் அசைவை அதுவரை கொண்டுபோவது நீண்ட ராடும் அதன் பால் ஜாயிண்டுகளும் புஷ்களும். சேறும் மழைநீரும் நேராகத் தெறிக்கும் இடம் அது. ஒவ்வொரு இணைப்பிலும் சிறிதளவே தேய்ந்திருந்தாலும் எல்லாம் சேர்ந்து லிவரின் குமிழில் விரல் விரலாக ஆட்டம் தெரியும். கை முழுத் தூரம் போயும் உள்ளே கியர் பாதிதான் விழுந்திருக்கும். அப்படிப் பாதியில் நிற்கும் கியர், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நியூட்ரலுக்குத் தெறித்துவிடலாம். சமதளத்தில் சமாளித்துவிடலாம். தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் இறக்கத்தில், முழு லோடோடு இறங்கும்போது அது நடந்தால் எஞ்சினின் பிடிமானம் அந்த நொடியே போய்விடும். பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க, ட்ரம் சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும்; வேகம் கூடிவிட்ட வண்டியில் கீழ் கியர் மறுபடி விழுவதும் அரிது. மலை இறக்கத்தில் நியூட்ரலில் போகாதீர்கள் என்று ஓட்டுநர்களுக்கு ஓயாமல் சொல்கிறோம். கியர் தானாகத் தெறிக்கும் வண்டியில் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க அவர் நினைத்தாலும் முடியாது.

தேய்ந்த இணைப்பைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. சமதளத்தில் எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் லிவரை மெல்ல அசைக்க இன்னொருவர் அடியில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கிற இணைப்புதான் தேய்ந்தது. கம்பி சுற்றுவது, டியூப் துண்டைச் செருகுவது, பால் ஜாயிண்டை வெல்டிங் வைப்பது எல்லாம் ஆட்டத்தை மறைக்குமே தவிர மாற்றாது. வெல்டிங் வைத்த இணைப்பு திரும்ப முடியாமல் ராடையே முறித்துவிடலாம். தேய்ந்த புஷ்ஷுக்குக் கிரீஸும் மருந்தாகாது. ஒன்றை மட்டும் மாற்றினால் மிச்ச ஆட்டம் அப்படியே இருக்கும், ஆகவே வரிசை முழுவதையும் பார்த்து, லாக் நட்டை இறுக்கி, காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பரையும் விட்டுவிடக் கூடாது. அது நைந்திருந்தால் லோடு ஏறும்போது பெட்டியே நகர்ந்து கியரை இழுத்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்தும் கியர் தெறித்தால் தேய்மானம் பெட்டிக்குள்ளே இருக்கிறது.

கைதேர்ந்த ஓட்டுநர் எந்த வண்டியையும் ஓட்டுவார் என்பார்கள். கியர் எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரியலாம். உள்ளே முழுதாக விழுந்ததா என்பதைத் தளர்ந்த இணைப்பு அந்தக் கைக்குச் சொல்லாது. எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கியாயிற்றே என்பது அடுத்த வாதம். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கொருமுறை எஃப்.சி.; அது சோதித்த நாளின் நிலைக்கான சான்று, பிறகு வரும் தேய்மானத்துக்கு அது பொறுப்பேற்காது. மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவு, சாதாரணக் கவனத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான பழுதோடு வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் தண்டிக்கிறது. அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு நாள் வாடகை போகிறதே என்ற கவலை உண்மையானதுதான், தவணை கட்டுகிறவருக்கு அது சிறிய தொகையும் அல்ல. ஆனால் பாதி விழுந்த கியரோடு ஓடி ஓடிப் பல் தேய்ந்தபின் கியர் பாக்ஸையே இறக்க நேரும்போது போகும் நாள்கள் இன்னும் அதிகம்.

ஓட்டுநர் பழுதை வாயால் மட்டும் சொல்லாமல், தேதியோடு எழுதியோ செல்போனில் செய்தியாகவோ உரிமையாளருக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்து காயம்பட்டால், சட்டப்படி அவருக்கு இழப்பீடு உண்டு; அவர் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி உரிமையாளர் தப்ப முடியாது. தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்குப் பட்டறை சரியாக வேலை செய்யாவிட்டால் வேறு வழி இருக்கிறது. வணிகத்துக்காகப் பெற்ற சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றாலும், சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே பெற்றதற்குப் பொருந்தலாம். மாற்றிய பாகங்களின் பெயர் எழுதிய பில்லையும் கழற்றிய பழைய புஷ்களையும் கேட்டு வாங்கி வைத்திருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். பட்டறைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.