கவாய் தீவில் பிறந்த 698 பேர்

1955-இல் கவாய் தீவில் பிறந்த குழந்தைகள் அத்தனை பேரின் பெயரும் ஓர் ஆய்வின் பதிவேட்டில் ஏறியது. மொத்தம் 698 பேர். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் ஒன்றான கவாய்க்கு அப்போது கரும்புத் தோட்டம்தான் பிழைப்பு. ஜப்பான், பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் என்று எங்கெங்கிருந்தோ தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகளும் ஹவாயின் பூர்வகுடிகளும் கலந்து வாழ்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வறுமை.

தாய் கருவுற்றிருந்தபோதே விசாரிப்பு தொடங்கிவிட்டது. குழந்தைக்கு ஒரு வயதானதும் பொதுச் சுகாதார நர்ஸ்கள் வீடு தேடி வந்தார்கள். இரண்டு வயதில் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் சோதித்துப் பார்த்தார்கள். பத்து வயதில் வகுப்பாசிரியரிடம் கேட்டார்கள். பிறகு 18, 32, 40 வயதுகளில் ஆளைத் தேடிப் பிடித்தார்கள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் எம்மி வெர்னர். ஜெர்மனியில் பிறந்து, போர்க்காலச் சிறுமியாக வளர்ந்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியரானவர். தீவிலேயே வேலை பார்த்த உளவியலாளர் ரூத் ஸ்மித் அவருக்குத் துணை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? நாற்பது வயதுக்காரர் ஒருவரை உட்காரவைத்து, ‘உங்கள் பிள்ளைப்பருவம் எப்படி?’ என்று கேட்டால் போதாதா? போதாது. மனம் நொந்து டாக்டரிடம் போகிறவரின் பழைய கதையைக் கிளறினால் குடிகார அப்பாவோ, விட்டுப்போன அம்மாவோ கண்டிப்பாகக் கிடைப்பார். அதே மாதிரி அப்பாவிடம் வளர்ந்து, வேலைக்குப் போய், வீட்டு வாடகை கட்டி, ராத்திரி நன்றாகத் தூங்குகிறவர் டாக்டரிடம் வருவதே இல்லை. அவர் எந்தக் கணக்கிலும் சேரமாட்டார். முன்பே பெயரெழுதிக்கொண்டு கூடவே நடந்தால்தான் அவரும் கண்ணில் படுவார். வளர்ச்சி உளவியலில் நீண்டகாலத் தொடர் ஆய்வுகளுக்கு இருக்கும் மதிப்பு இதனால் வந்தது.

அந்தக் காலத்தில் இந்தத் துறையே ஏறக்குறைய குழந்தை உளவியலாகத்தான் இருந்தது. அடித்தளமெல்லாம் முதல் ஐந்தாறு வருடங்களில் போட்டு முடிந்துவிடுகிறது என்றார் ஃப்ராய்ட். பியாஜேயின் அறிவு வளர்ச்சிப் படிநிலைகள் பதின்பருவத்தோடு நின்றுவிடும். தாயின் இடைவிடாத அரவணைப்பு கிடைக்காத குழந்தையின் மனநலம் கெடும் என்று ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதியிருந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் இவர்களும் ஆளுக்கொரு விதத்தில் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

விலகி நின்றவர் எரிக் எரிக்சன். மனிதன் சாகும்வரை வளர்கிறான் என்று 1950-இல் எட்டுப் பருவங்களை வரைந்து காட்டினார். பதின்பருவத்தில் ‘நான் யார்’ என்ற கேள்வி, நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது விட்டுச்செல்லும் தவிப்பு, கடைசியில் வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்வதா கசந்துபோவதா என்ற கணக்கு. சொந்த அப்பா யாரென்றே தெரியாமல் வளர்ந்தவர் அவர். மாற்றாந்தந்தையின் பெயரைச் சுமந்து திரிந்துவிட்டு, 1939-இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். ‘அடையாள நெருக்கடி’ என்ற சொல் அவரிடமிருந்து புழக்கத்துக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் எரிக்சனின் எட்டுப் பருவங்கள் ஒரு சிந்தனையாளரின் ஊகம். அளந்து பார்த்த கணக்கு ஒன்று கவாயில் கிடைத்தது.

வறுமை, பிரசவச் சிக்கல், படிக்காத பெற்றோர், ஓயாத குடும்பச் சண்டை, குடி, மனநோய். இரண்டு வயதுக்குள் இப்படி நான்கோ அதற்கு மேலோ ஆபத்துகள் சேர்ந்துவிட்ட 201 குழந்தைகளை வெர்னர் தனியே பிரித்தார். அவர்களில் 129 பேர் எதிர்பார்த்தபடியே தடுமாறினார்கள். பத்து வயதுக்குள் படிப்பிலோ நடத்தையிலோ சிக்கல். பதினெட்டுக்குள் போலீஸ் கேஸ், சிறுவயதுக் கர்ப்பம், மனநலக் கோளாறு. இது யாருக்கும் செய்தியல்ல. மீதி 72 பேர்தான் செய்தி. 30 ஆண்களும் 42 பெண்களும் ஒழுங்காகப் படித்து, வேலை தேடி, பிறரிடம் அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்து நின்றார்கள்.

அவர்களிடம் அப்படி என்னதான் இருந்தது? கைக்குழந்தையாக இருக்கும்போதே கலகலப்பானவர்கள், பாலுக்கும் தூக்கத்துக்கும் அதிகம் படுத்தாதவர்கள் என்று தாய்மார் சொல்லியிருந்தார்கள். சிரிக்கிற குழந்தையை யாரும் ஒரு நிமிடம் கூடுதலாகத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். அதில் குழந்தை இன்னும் சிரிக்கும். பிறவிக் குணம் எங்கே முடிகிறது, வளர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று இந்த இடத்தில் கோடு போடமுடியாது. அடுத்தது, ஓர் ஆள். குழந்தையை எந்த நிபந்தனையுமின்றி ஏற்றுக்கொண்ட யாராவது ஒருவர். அது தாயாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாத்தா பாட்டி, அத்தை, மூத்த அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர் என்று யாராகவும் இருந்தார்கள்.

இந்தப் பிணைப்பை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். கவாய்க் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்த அதே காலத்தில் உகாண்டாவின் கிராம வீடுகளில் தாய்களையும் குழந்தைகளையும் மணிக்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனை அமைத்தார். பொம்மைகள் உள்ள ஒரு அறை. ஒரு வயதுக் குழந்தையும் தாயும். முன்பின் தெரியாத ஒரு பெண் உள்ளே வருவார். சற்று நேரத்தில் தாய் எழுந்து வெளியே போய்விடுவார். குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் எய்ன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்தார். சில குழந்தைகள் தாவி ஏறிக்கொண்டு, ஆறுதலடைந்து, மறுபடி பொம்மைக்குப் போகும். சில, தூக்கினாலும் சமாதானமாகாது, ஒட்டிக்கொண்டே அடிக்கும். இன்னும் சில, அம்மா வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். ‘சமர்த்து, அழவே இல்லை’ என்று நாம் மெச்சுவது இதைத்தான். பின்னாளில் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, அது எகிறியிருந்தது.

கவாயின் 72 பேரிடம் கண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது. தான் இல்லாவிட்டால் ஒரு வேலை நடக்காது என்று தெரிந்த பிள்ளை அது. பிள்ளைக்குச் சுமையே கூடாது என்று தட்டைக்கூட எடுத்துவைக்க விடாத பெற்றோர் இந்தப் பக்கத்தை இரண்டுமுறை படிக்கலாம். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு இதை யாரும் சாட்சிக்கு இழுக்கவேண்டாம். கூடவே அரவணைப்பும் பள்ளிக்கூடமும் இருந்த வீடுகளின் கதை இது.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். வெர்னர் பதினெட்டோடு நிறுத்தியிருந்தால், தேறியவர்கள் தேறினார்கள், மற்றவர்கள் தொலைந்தார்கள் என்று எழுதி முடித்திருப்பார். 32 வயதிலும் 40 வயதிலும் போய்ப் பார்த்தபோது, பதின்பருவத்தில் தடம்புரண்டவர்களில் பெரும்பாலானோர் கரையேறியிருந்தார்கள். சிறுவயதில் கைது செய்யப்பட்ட பலர் பிறகு சட்டத்தின் பிடியில் சிக்கவே இல்லை. பதின்வயதில் தாயான பெண்களில் பலர் விட்ட படிப்பைத் தொடர்ந்து, வேலையும் பிடித்திருந்தார்கள்.

எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று பார்த்தால், எல்லாமே சாதாரணக் கதவுகள். உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் பெரியவர்களுக்கான வகுப்பு. பட்டாளத்தில் சேர்ந்து கற்ற தொழில். நிலையான ஒரு துணை, பெரும்பாலும் இரண்டாவது திருமணத்தில். அரவணைத்துக்கொண்ட ஒரு சபை. சாவைத் தொட்டுத் திரும்பிய ஒரு நோய் அல்லது விபத்து. உளவியல் சிகிச்சையால் மீண்டவர்கள் மிகக் குறைவு. உளவியலாளரே அதை எழுதினார் என்பதால் கூடுதலாக நம்பலாம். இந்தப் பட்டியலில் அரசாங்கம் காசு போட்டுத் திறந்துவைக்கக்கூடிய கதவு ஒன்று உண்டு. இருபத்தைந்து வயதில் மறுபடி வகுப்பில் உட்கார இடம். பள்ளிப் படிப்பை விட்டவனுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் என்று வைத்திருக்கும் ஊர், இந்த ஆய்வின் கணக்கில் நஷ்டப்படுகிற ஊர்.

எதிர்க்கேள்வி இருக்கிறது. கல்லூரிக்குத் திரும்பியதால் தேறினார்களா, தேறும் மனசு இருந்ததால் கல்லூரிக்குத் திரும்பினார்களா? இவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை; கூடவே நடந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருவரையொருவர் அறிந்த சின்னத் தீவில் கண்டது சிகாகோவுக்கோ சென்னைக்கோ அப்படியே பொருந்தும் என்றும் சொல்லமுடியாது. தேறாமலே போனவர்களும் உண்டு. திரும்பத் திரும்பக் குற்றத்தில் மாட்டிய சிறு கூட்டமும், நாள்பட்ட மனநோய்க்காரர்களும்.

முதலிலேயே தேறிய அந்த 72 பேர் நாற்பதைத் தொட்டபோது காலமும் நன்றாக இல்லை. 1992 செப்டம்பரில் இனிக்கி சூறாவளி கவாயைப் புரட்டிப்போட்டிருந்தது. தீவில் வேலையே அரிதாகியிருந்தது. ஆனால் அவர்களில் ஒருவரும் வேலையில்லாமல் இல்லை, ஒருவரும் சட்டச் சிக்கலில் இல்லை, ஒருவரும் அரசு உதவித்தொகையை நம்பியில்லை. பத்திரிகைகள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ‘வெல்லமுடியாதவர்கள்’ என்று பட்டம் கட்ட வசதியான இடம் அது.

வெர்னர் நிறுத்தவில்லை. முப்பதுகளில் அவர்களிடம் பேசியபோதே ஆண்கள் பலர் முதுகுவலி, தலைசுற்றல், வயிற்றுப்புண் என்று மன அழுத்தம் உடம்பில் இறங்கிய உபாதைகளைச் சொன்னார்கள். அவர்களில் சிலர் யாருடனும் நெருங்கவே தயங்கினார்கள், திருமணம் செய்துகொள்ளவில்லை. குடியிலும் சண்டையிலும் இன்னும் மூழ்கிக்கிடந்த பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தவர்களிடமிருந்தும் பலர் விலகியே இருந்தார்கள். கூடப் போனால் தாங்களும் மூழ்கிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.