தட்டணுக்களும் அவற்றைத் தடுக்கும் மருந்துகளும்

சேலம் நகரத்துக்குத் தெற்கேயுள்ள பனமரத்துப்பட்டி ஏரியை இவ்வட்டாரத்தில் அறியாதார் அரியர். நகர மக்களின் குடிநீருக்கென 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அவ்வேரி பின்னாளில் நெடுங்காலம் நீர் வற்றிச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்ததாயினும், கரை உடைதல் இன்னதென்பதை அப்பக்கத்துக் குடியானவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடைப்பை முதலிற் கண்டவன் அவ்விடத்தை விட்டு அகலான். ஒருவன் பறையறைவான், மற்றொருவன் கொம்பூதுவான். ஓசை கேட்டோர் யாவரும் மண்மூட்டையுடன் ஓடிவந்து உடைப்பில் அடுக்குவர்.

நமது குருதியிலும் இங்ஙனம் கரை காப்போர் உளர். இரத்தத் தட்டணுக்கள் எனப்படும் இவர்கள் ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருப்பர். ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்வர். குருதி உறைவதில் இவர்களுக்குள்ள பங்கை இத்தாலி தேசத்துப் பிஸ்ஸொஸெரோ என்பார் 1882-இல் விளக்கினார். குழாயின் உட்சுவர் கிழிந்தவிடத்து முதலில் வந்த தட்டணு ஒட்டிக்கொண்டு, இருவகைப் பொருள்களை வெளியிட்டு ஏனையோரை அழைக்கின்றது. ஒன்று திராம்பாக்ஸேன், மற்றொன்று ஏ.டி.பி. முன்னதைப் பறையென்றும் பின்னதைக் கொம்பென்றும் கொள்வோமாக.

விரலில் வெட்டுண்டபோது இஃது உயிர் காக்கும் உபாயம். ஆயின் இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளத்தின் உட்சுவரில் பல்லாண்டுகளாகப் படிந்த கொழுப்புக்கட்டி ஒருநாள் வெடித்துவிடின், தட்டணுக்கள் அதனையும் உடைப்பென்றே எண்ணித் திரள்கின்றன. நாளமோ மிகக் குறுகியது. உடைப்பை அடைக்கக் கொணர்ந்த மண் வாய்க்காலையே அடைத்துவிடுகின்றது. அதற்கப்பாலுள்ள இருதயத் தசை குருதியின்றி மடியத் தொடங்குகின்றது. மாரடைப்பென்பது பெரும்பாலும் இதுவே. மூளை நாளத்தில் அடைப்பு நேரின் பக்கவாதமாம்.

இத்திரட்சியைத் தடுக்கும் மருந்துகளுள் மூத்தது ஆஸ்பிரின். 1899-இல் தலைவலிக்கும் சுரத்துக்குமாக விற்பனைக்கு வந்த இம்மாத்திரையின் மறுகுணத்தை உய்த்துணர்ந்தவர்களுள் ஒருவர் கலிபோர்னியாவில் எளிய குடும்ப வைத்தியராயிருந்த லாரன்ஸ் கிரேவன். தொண்டைச் சதை அறுவை செய்துகொண்டோர் ஆஸ்பிரின் கலந்த மெல்லும் பசையை மிகுதியாக உண்டபோது குருதி நில்லாது பெருகியதை அவர் கண்டார். குருதி உறைவதைத் தடுப்பது மாரடைப்பையும் தடுக்கலாமே என்று கருதி 1950 முதல் எழுதிவந்தார், செவிசாய்த்தோர் சிலரே. காரணத்தை 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்டார்; அவர்க்கு 1982-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

காரணம் மிக நேர்த்தியானது. திராம்பாக்ஸேனைச் செய்யும் நொதியின்மேல் ஆஸ்பிரின் நிலையாக ஒட்டி அதனைச் செயலறச் செய்கின்றது. உடலின் பிற அணுக்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கோ உட்கரு இல்லாமையால் அது இயலாது. பறையறைவோன் கை ஒருமுறை கட்டுண்டால் அவன் ஆயுள்வரை கட்டுண்டதே. ஆதலினன்றோ நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்னும் சிற்றளவே போதுமாகின்றது! குளோபிடோக்ரெல் என்னும் மற்றொரு மருந்து, கொம்பூதுவோனை விட்டுக் கேட்போர் செவியை அடைக்கின்றது, அஃதாவது ஏ.டி.பி. வந்து பொருந்தும் இடத்தைத் தான் பற்றிக்கொள்கின்றது. இருவழிகளையும் ஒருங்கே அடைப்பது ஒன்றை அடைப்பதினும் வலிது. குருதிக்கசிவின் அபாயமும் அவ்வளவுக்கு மிகுதி.

இவற்றை 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை' என வழங்குவது பிழைபட்ட வழக்கு. குருதி நீர்த்துப்போவதில்லை; முன்னமே உறைந்த கட்டி இவற்றாற் கரைவதுமில்லை. மேன்மேலும் திரள்வதையே இவை தடுக்கின்றன. அத்துணையே செய்யினும் பயன் பெரிது. 1988-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாரடைப்பு ஐயமுற்ற 17,187 நோயாளிகள் சேர்க்கப்பெற்றனர். ஆஸ்பிரின் உண்டவருள் ஐந்து வாரத்துக்குள் இருதய, குருதிநாளக் காரணங்களால் இறந்தோர் நூற்றுக்கு 9.4, உண்ணாதவருள் 11.8.

தமிழ்நாட்டு அரசு 2023 ஜூன் மாதத்தில் 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது இதுபற்றியே. இதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரைகள் கொண்ட முதல் அளவு வைக்கப்பெற்றது: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. இறுதியிற் கூறியது தட்டணுத் தடுப்பி அன்று, கொழுப்பைக் குறைப்பது. பனமரத்துப்பட்டியைச் சூழ்ந்த சிற்றூரொன்றில் நள்ளிரவில் நெஞ்சு இறுகி வியர்த்து விழுந்தவர் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று சேருமுன் கழியும் நேரத்திலும் தட்டணுக்கள் ஓய்ந்திருப்பதில்லை. அந்நேரத்தை வீணாக்காமையே இம்மாத்திரைகளின் பணி. அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்கு இவை ஈடல்ல; ஆகவே 108 வண்டியை அழைத்தபின் மாத்திரையுண்டு 'சற்றே தேவலை' என்று வீட்டிலேயே தங்கிவிடுதல் தகாது.

மாரடைப்புக் கண்டோர், நாளத்தில் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் பொருத்தப்பெற்றோர், மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர், அடைப்பினால் பக்கவாதம் உற்றோர், கால்நாளங்கள் குறுகி வருந்துவோர் ஆகியோர்க்கு வைத்தியர் இவற்றை நாடோறும் உண்ண விதிப்பர். பக்கவாதத்தில் மட்டும் ஒரு நிபந்தனையுண்டு. மூளையிற் குருதி கசிந்தாலும் அதே அடையாளங்கள் தோன்றுமாதலின், ஸி.டி. படம் பார்த்துக் கசிவன்று என்று தெளிந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். பக்கத்து வீட்டார் கொடுக்கும் மாத்திரை அங்கே நஞ்சாகலாம். வயிற்றுப் புண்ணுடையோர்க்கும், டெங்குச் சுரம் ஐயுறப்பட்டோர்க்கும் ஆஸ்பிரின் ஆகாது.

நோயொன்றுமில்லாத முதியோர் 'வருமுன் காப்போம்' என்று தாமே தினமும் ஆஸ்பிரின் உண்பது முன்னர்ப் பலரும் மெச்சிய வழக்கம். 2018-இல் வெளியான ஆஸ்பிரீ என்னும் பெரிய ஆராய்ச்சி, அத்தகையோர்க்கு மாரடைப்புக் குறையவில்லை, குருதிப்போக்கே மிகுந்தது என்று காட்டியது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அஃது இன்னும் கொடியது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் சில மாதங்களில் உடல் தேறியதென்றோ, பல் பிடுங்க வேண்டுமென்றோ மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். புதிதாகப் பொருத்திய உலோக வலையின்மேல் உட்சுவர் வளர்ந்து மூடும்வரை தட்டணுவின் கண்ணுக்கு அஃது ஓர் அந்நியப் பொருளே. மருந்து நின்றபின் நாடோறும் புதிய தட்டணுக்கள் கைகட்டின்றிப் பிறக்கின்றன; ஏழு முதல் பத்து நாளுக்குள் பழைய படை முழுவதும் மீண்டுவிடும். வலைக்குழாய் திடீரென அடைபடுவது அப்போதுதான். இரு மருந்தையும் சேர்த்து உண்ணவேண்டிய காலம் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம்; அதன்பின் ஒன்றை மட்டும் தொடர்வர். அக்காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஸ்டென்ட் பொருத்திய வைத்தியரே உரியவர்; பல் வைத்தியரும் அவரைக் கேட்டே கைவைப்பார்.