சுட்ட மண்ணோடு ஒட்டும் பச்சை மண்

பிரிக்பீல்ட்ஸில் இன்று ஒரு சூளையும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் வந்து, அத்தாப்பு வேய்ந்த கோலாலம்பூரை அழித்தன. அதன் பிறகு ஊரைச் செங்கல்லில் எழுப்பினார்கள். அதற்குக் கல் அறுத்த இடம் இது. பச்சைக் கல் மழையில் நனைந்தால் மறுபடியும் சேறாகிவிடும். சூளையில் வெந்த கல் எத்தனை நனைந்தாலும் கல்தான்.

பிரிக்பீல்ட்ஸிலுள்ள கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் யுனிவர்சிட்டி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நோயியல் மருத்துவர் லூய் லாய் மெங் பல ஆண்டுகள் நுண்ணோக்கியில் தேடியதும் ஒருவகைச் சுட்ட கல்லைத்தான். உடலுக்குள் மடிப்புக் கெட்டு இறுகிப்போன புரதம் அது. அமிலாய்டு என்று பெயர்.

அந்தப் பெயரே ஒரு தவறு. 1854-இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ இந்தப் படிவின் மேல் அயோடின் விட்டார். நிறம் மாறியதும் மாவுச்சத்து என்று நினைத்து அப்படி அழைத்தார். ஐந்தே ஆண்டுகளில் அது புரதம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸைப் போல, பெயர் ஒட்டிக்கொண்டது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட சரம். உரிய வடிவில் மடிந்தால்தான் பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யும். சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்பதை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வரைந்து காட்டினார்கள். உலகம் அதை இராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. அமிலாய்டு அந்த விதியை மீறுவதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அனுமதிக்கப்பட்ட கோணங்களிலேயே சரம் தட்டையாக நீளுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, எளிதில் கரையாத இழையாகிறது.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். இங்கே ஒட்டுகிறது. முன்பே உருவான இழையின் நுனியில் அதே வகைப் புரதம் வந்து சேர்ந்தால், அதுவும் அந்த வடிவத்துக்கே மாறிவிடுகிறது. தொட்ட மண்ணெல்லாம் நெருப்பில்லாமலே கல்லாவது போல!

கண்டுபிடிக்கும் முறை பழையது. 19ஆம் நூற்றாண்டில் பருத்தித் துணிக்குச் சாயமேற்ற வந்த காங்கோ ரெட்டைத் திசுச்சீவலில் ஏற்றுவார்கள். சாதாரண வெளிச்சத்தில் செங்கல் நிறம். முனைவாக்கிய ஒளியில், இருண்ட புலத்தில், அமிலாய்டு மட்டும் ஆப்பிள் பச்சையாக மின்னும். இழைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதற்கு அந்தப் பச்சையே சாட்சி.

ஆனால் பச்சையாக மின்னுவது எந்தப் புரதம்? கேள்வி அங்கேதான் கடினமாகிறது. இந்தப் புரதங்களில் சில நம் நோய் எதிர்ப்பு ஆற்றலின் கருவிகள். கிருமி நுழைந்தால் கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தைச் சுரக்கும். கடும் அழற்சியில் அதன் அளவு ஆயிரம் மடங்குவரை ஏறும். நோய் சில நாளில் தணிந்தால் அதுவும் இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதன் துண்டுகள் மடிப்புக் கெட்டுச் சிறுநீரகத்தில் படியத் தொடங்கும். தொழுநோய் அப்படி நீடிக்கும் நோய். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, சுங்கை பூலோவில், 1930-இல் தொழுநோயாளிகளுக்கெனப் பெரிய குடியிருப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மலேசியத் தொழுநோயாளிகளின் அமிலாய்டு பற்றி லூய், ஜெயலட்சுமி முதலியோர் 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கிருமியைத் துரத்த அனுப்பிய காவலாளே வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த கதை இது.

காவலே வினையாகும் கதை வேறு வடிவிலும் உண்டு. கிருமியை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களின் இலகு சங்கிலிகள் அளவுக்கு மீறி உற்பத்தியானால் அவையும் அமிலாய்டாகலாம். காவலுக்குச் சம்பந்தமில்லாத புரதங்களும் இப்படிக் கெடும். நம்மவர் வீடுதோறும் பேசப்படும் சர்க்கரை நோயில், இரண்டாம் வகையில், கணையத் திட்டுகளில் படிவதும் ஒருவகை அமிலாய்டுதான்.

லூயின் 1993ஆம் ஆண்டு ஆய்வு இதய மேலறைகளைப் பற்றியது. மேலறைச் சுவர் இழுபட்டால், உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்றை அது சுரக்கும். அந்த ஹார்மோன்தான் சிலருக்கு அங்கேயே அமிலாய்டாகப் படிகிறது. முதுமையோடு வருவது என்று கருதப்பட்ட இந்தப் படிவு, நாட்பட்ட இதய நோயிலும் கூடுதலாகக் காணப்படுவதை அவர் காட்டினார்.

அந்த இதய நோய்களில் ஒன்றான ருமாட்டிக் நோயின் தொடக்கம் பெரும்பாலும் சிறுவயதுத் தொண்டைவலி. தொண்டையில் கிருமியைத் தாக்கிய எதிர்ப்பாற்றல், ஆள் தெரியாமல் இதய வால்வையும் தாக்கும். வால்வு சுருங்கும், மேலறை விரியும், ஹார்மோன் பெருகும். எப்போதோ ஆறிப்போன தொண்டைவலியின் தடம், பல ஆண்டு கழித்து, இருண்ட புலத்தில் பச்சையாக மின்னக்கூடும்.